டிரில் ரூம் சாவி

அந்தப் பைய இப்பிடிக் குடுங்க அண்ணாச்சி, நானே மடியில வச்சுக்கிடுதேன். உள்ள பிளாஸ்க் இருக்கு, சாஞ்சா ஒழுகிரும். ஒண்ணும் நினைக்காதீய, நான் கொஞ்சம் அகலமான ஆளு. சங்கரங்கோவிலா போறிய? நானும் அங்கதான். அப்ப நல்லதாப் போச்சு, இடையில எறங்கணும்னு நீங்க என்னைய எழுப்பாண்டாம்.

இல்லல்ல, போலீஸ் இல்ல. கழுத்துல விசில் கெடக்கதப் பாத்துக் கேக்கிய. கண்டக்டரும் ஒரு மாதிரியாத்தான் பாத்தான், தன் வேலைக்குப் போட்டிக்கு வந்துட்டேன்னு. நான் பி.டி. வாத்தியாரு, டிரில் மாஸ்டரு. பேரு சுடலையாண்டி. பள்ளிக்கூடம் எதுன்னு கேக்காதீய, நான் இப்ப பேசப்போறதுக்கு எங்க ஹெச்செம் அம்மா மெமோ குடுத்துருவா. லீவு நாள்ல எதுக்கு விசில்னா, வேட்டி கட்டுத மாதிரிதான். இது இல்லாம தெருவுல எறங்குனா என்னமோ போல இருக்கு.

ஒரு சாவி வாங்கப் போறேன் அண்ணாச்சி. என் ரூம் சாவி. அந்த ரூமுக்காக நான் பட்ட பாடு இருக்கே, கோர்ட்டுல வயக்காட்டுக்கு நடந்தவன்கூட அவ்வளவு பட்டிருக்க மாட்டான்.

கிழக்க கடைசியில இருக்கு டிரில் ரூம். கம்பு, எறியுத இரும்புக் குண்டு, காத்துப் போன பந்து, ஹைஜம்புக்குப் போடுத மெத்தை, எனக்கு ஒரு நாற்காலி. மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்த மெத்தையில செத்த கண்ணசந்தேன்னு வைங்க, அது தனி சொகம். ஆனா தூங்க விட்டாத்தான? சொரிமுத்துன்னு ஒரு கணக்கு வாத்தியாரு இருந்தாரு. வாத்தியாருன்னா சொல்லுதிய, கொள்ளைக்காரன். பி.டி. பீரியடு வந்துட்டா வாசல்ல வந்து நின்னுக்கிடுவாரு. 'சுடலை, இந்த ஒரு பீரியடு மட்டும் குடு, பாடம் முடியல'ம்பாரு. நான் வைவேன். அவரும் வைவாரு. பிள்ளைய எல்லாம் ஜன்னல்ல நின்னு வேடிக்க பாக்கும். கடைசியில நான்தான் குடுத்துத் தொலைப்பேன். பீரியடு முடிஞ்சதும் மனுசன் ரெண்டு டீ வாங்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்துக்கிடுவாரு, ஒண்ணும் நடக்காத மாதிரி. அந்த டீயும் வாயில வைக்க வெளங்காது. வேலைக்குச் சேந்த நாள்லருந்து இதே கததான்.

கொரோனா ரெண்டாவது அலையில போயிட்டாரு. சரி, அத விடுங்க. நான் சொல்ல வந்தது ரூமப் பத்தி.

ஊரடங்கெல்லாம் முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்தாவ பாருங்க, அப்பப் பிடிச்சது சனியன். மாணவர் நலன், மாணவர் பாதுகாப்புன்னு எங்களையெல்லாம் ஒரு கல்யாண மண்டபத்துல உக்கார வச்சுப் பயிற்சி குடுத்தாவ. மூச்ச இழு, மூச்ச விடுன்னாவ. நான் இழுத்தேன், விட்டேன், தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா என்னையப் பாதுகாப்புப் பொறுப்பாசிரியராப் போட்டுருக்காவ. காய்ச்சல் பாக்குத துப்பாக்கி ஒண்ணையும் கையில குடுத்து, வாசல்ல நிக்க வச்சு, ஒவ்வொரு பிள்ளை நெத்தியிலயும் சுடுன்னாவ. அந்தத் துப்பாக்கி கணக்குப்படி எங்க ஹெச்செம் அம்மா எறந்து பல நாளாச்சு. அவ்வளவு சில்லுன்னு காட்டுச்சு.

அடுத்து வட்டம். பிள்ளைய இடைவெளி விட்டு உக்காரணும், வட்டம் போடுங்கன்னு உத்தரவு. மத்த பள்ளிக்கூடத்துல எல்லாம் சுண்ணாம்புல போட்டான். நான் அப்பிடிச் செய்வேனா? ஓட்டப் பந்தயத்துக்கு நான் போடுத கோடு இந்த ஜில்லாவுல பேரு போன கோடு. சுண்ணாம்பு மழைக்குப் போயிரும்னு, ரோடு காண்ட்ராக்டர் நம்ம பழைய மாணவன், அவன்ட்டருந்து ஹைவேசுக்கு அடிக்குத வெள்ளப் பெயிண்டு வாங்கியாந்து, பிரேயர் நடக்குத சிமெண்டுத் தளம் முழுக்க அடிச்சுவிட்டேன். கயிறு பிடிச்சு, ஆணி அடிச்சு, ஒவ்வொண்ணும் தட்டு மாதிரி வட்டம். லாரி ஏறுனாலும் அழியாது. ஹெச்செம் அம்மா போட்டோ பிடிச்சு மேல அனுப்புனா.

இடைவெளி வேண்டாம்னு அரசாங்கம் சொல்லி எத்தனையோ நாளாச்சு. எங்க பிள்ளைய இன்னும் மத்தியானச் சாப்பாட்டத் தூக்கிக்கிட்டு அவுகவுக வட்டத்துல போயி ஒத்தைல உக்காரும். பேச்சு கெடையாது, சிரிப்பு கெடையாது, ஒருத்தன் தட்டுலருந்து ஒருத்தன் முட்டையத் தூக்குதது கெடையாது. ஒவ்வொண்ணும் சோத்தப் பாத்துக்கிட்டுத் திங்கும். எனக்குப் பெருமன்னா பெருமை. இருபது வருசமா விசிலடிச்சு வராத ஒழுங்கு பெயிண்டுல வந்துட்டுல்லா?

அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்தா. ஜன்னத்னு பேரு, மேலப்பாளையத்துக்காரி. பிள்ளையளுக்கு மனசு சரியில்லன்னா பேசுததுக்கு ஆளாம். கவுன்சிலரு. வாரத்துல வியாழக்கிழம மட்டும் வருவா, ஒப்பந்த வேலை. பிள்ளைய தனியா உக்காந்து பேச ரூம் வேணும்னுருக்கா. ஹெச்செம் அம்மா கொஞ்சங்கூட யோசிக்கல அண்ணாச்சி, என் ரூமத் தூக்கிக் குடுத்துட்டா. ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கணும்லா? என் குண்டையும் கம்பையும் மாடிப்படிக்கு அடியில போட்டாவ. நாற்காலி போச்சு, மெத்தை போச்சு. வாசல்ல 'மனம் விட்டுப் பேசலாம்'னு பலகை வேற.

நான் விடுவேனா? அடுத்த வியாழக்கிழமையே போயி மனம் விட்டுப் பேசுனேன். தொண்ட கிழியப் பேசுனேன். அந்தப் பொண்ணு என் நாற்காலிய எனக்கே இழுத்துப் போட்டுட்டு, அவ மெத்தையில உக்காந்துக்கிட்டா. பிளாஸ்க்லருந்து டீ ஊத்திக் குடுத்தா. நான் மூச்சு வாங்க நிப்பாட்டுனா, 'அப்புறம் சார்?'னு கேப்பா. அவ்வளவுதான் அவ படிச்ச படிப்பு. அதுக்கு ரெண்டு டிகிரி. டீ கழனித்தண்ணி மாதிரி இருந்துச்சு. அதக் குடிச்சதும் எனக்குச் சொரிமுத்து டீ ஞாவகம் வந்து, அந்தாளு பீரியடு பறிச்ச கதையச் சொல்லித் தொலைச்சேன். பெல்லு அடிச்சுட்டு. ரூம் விசயம் பேச நேரமே இல்லாமப் போச்சு.

அதனால மறு வியாழனும் போனேன். அப்பவும் முடியல. எல்லா வியாழனும் போவேன் பாத்துக்கிடுங்க. ஒரு தடவ காய்ச்சலு, லீவு போட்டுட்டு அந்த நேரத்துக்கு மட்டும் போயி சண்ட போட்டுட்டு வந்தேன். ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தன் சிரிச்சான், 'சார் கவுன்சிலிங் போறீயளா'ன்னு. எனக்கு எதுக்குடா கவுன்சிலிங், கோட்டியா பிடிச்சிருக்கு? நான் என் ரூமக் கேக்கப் போறேன்னு சொல்லி அவன் வாயடைச்சேன். புதுசா வந்த கணக்கு வாத்தியான்தான் அவன். மரியாத தெரியாத பய. வந்ததுலருந்து ஒரு நாளாவது வந்து பி.டி. பீரியட எனக்குக் குடுங்கன்னு கேட்டிருப்பானா? நானும் பாக்கேன், பாக்கேன், வரவே மாட்டேங்கான்.

சொரிமுத்துவுக்கு மவுன அஞ்சலி வச்சதச் சொன்னேனா? பள்ளிக்கூடம் தொறந்த வாரம் பிரேயர்ல வச்சாவ. ஒரு நிமிசம் முடிஞ்சதும் விசிலடிக்கது என் பொறுப்பு. நான் பாதியிலயே அடிச்சுட்டேன். வாச்சு ஓடல. ஹெச்செம் அம்மா முறைச்சா. வாச்சு ஓடலன்னா நான் என்ன செய்யட்டும்? இதையும் ஒரு வியாழக்கிழம அந்தப் பொண்ணுட்ட சொன்னேன். 'இப்ப அந்த வாச்சு ஓடுதா சார்?'னு கேட்டா. நல்லா ஓடுதுன்னேன், இந்தா இதுதான். 'அப்புறம்?'னு கேட்டா. அப்புறம் என்ன அப்புறம்? நான் சொல்ல வந்தது ரூமப் பத்தி.

ஒரு நாளு நேருக்கு நேராக் கேட்டுட்டேன், என் ரூம எப்பத் தருவேன்னு. அந்தப் பொண்ணு ஜன்னல் வழியா சிமெண்டுத் தளத்தக் காட்டுனா. சாப்பாட்டு நேரம். அம்புட்டும் வட்டத்துல உக்காந்திருக்கு.

"இந்தப் பிள்ளைய என்னைக்கு வட்டத்த விட்டு எறங்கி, ஒண்ணா உக்காந்து சாப்பிடுதோ, அன்னைக்கே நான் ரூமக் காலி பண்ணிருதேன் சார்."

அப்பிடின்னு சொன்னா. என் வட்டத்தையே குறை சொல்லுதா பாத்தியளா. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டாவது டீய வேண்டாம்னுட்டேன். ஆனா யோசிச்சுப் பாத்தா, இது என்ன பெரிய வேலை? நம்மகிட்ட விசில் இருக்கு.

மறுநாளே அடிச்சேன் விசில. எல்லாரும் ஒண்ணா உக்காருங்கன்னேன். உக்காந்துச்சு. ஆளுக்கொரு கைநீளம் இடைவெளி விட்டு டிரில் வரிசையில உக்காந்துச்சு. நானே பழக்குனது, என்ன செய்ய? சரி, வட்டத்தையே அழிச்சிருவோம்னு மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் வச்சுத் தேச்சேன். ஹைவேசு பெயிண்டு லேசுல வருமா? கைதான் தோலுரிஞ்சது. மேல சாக்க விரிச்சேன். சாக்கு மேல அதே எடத்துல போயி உக்காருது. ஹெச்செம் அம்மா தன் பங்குக்கு மகிழ்ச்சி உறுதிமொழின்னு ஒண்ண எழுதி, 'நான் மகிழ்ச்சியாக இருப்பேன்'னு பிரேயர்ல கைய நீட்டிச் சொல்லச் சொன்னா. சொல்லிட்டு உம்முன்னு வகுப்புக்குப் போச்சு பிள்ளைய.

கடைசியிலதான் கோ-கோ ஞாவகம் வந்துச்சு. உங்களுக்குத் தெரியும்லா? வரிசையா குத்தவச்சு உக்காந்திருப்பாவ, ஒருத்தரு இந்தப் பக்கம் பாத்து, அடுத்தவரு அந்தப் பக்கம் பாத்து. வெரட்டுதவன் வந்து முதுகுல தட்டி 'கோ'ன்னாத்தான் எந்திரிச்சு ஓடணும். தட்டாம ஆட்டமே கெடையாது. மொதல்ல பிள்ளைய முதுகுகிட்ட வரைக்கும் கையக் கொண்டாந்து காத்தத் தட்டிட்டு 'கோ'ன்னுச்சு. செல்லாதுன்னு விசிலடிச்சேன். திருப்பித் திருப்பி அடிச்சேன். ஒரு பய கடுப்பாகி முன்னால இருந்தவன் முதுகுல ஒண்ணு வச்சான் பாருங்க, பளீர்னு. அவன் எந்திரிச்சு ஓடி அடுத்தவனுக்கு வச்சான். அப்புறம் ஆட்டமா அது, அடிதடி. அத்தன நாளு சேத்து வச்ச அடிய எல்லாம் அன்னைக்கே குடுத்து முடிச்சுதுக. சிரிப்புச் சத்தம் கேட்டு ஹெச்செம் அம்மா பயந்துபோயி வெளிய வந்துட்டா. ஆனா சோத்துக்கு மறுபடி வட்டத்துக்குத்தான் போச்சு பிள்ளைய.

ஒருத்தி மட்டும் மசியல. ஆவுடைச்செல்வி, ஒம்பதாவது. ஊரடங்குக்கு முன்னால சின்னக் குட்டியா இருக்கையிலயே கோ-கோவுல அவள அடிச்சுக்க ஆளு கெடையாது. இப்ப வரிசையில வந்து உக்காருவா, எவளாவது தட்டுனா சுருங்கிக்கிடுவா. எந்திரிச்சு ஓடவும் மாட்டா, யாரையும் தொடவும் மாட்டா. சாப்பாட்டுக்கு ஆகக் கடைசி வட்டம், காம்பவுண்டு ஓரத்துல.

அவ அம்மா ஹெச்செம்மப் பாக்க வந்தப்ப நானும் நின்னேன். புருசன் ரெண்டாவது அலையில போயிட்டாரு. எழவு வீட்டுல சொந்தக்காரன் எவனோ வாய் கூசாமச் சொல்லிருக்கான், இவதான் டியூசனுக்குப் போயி அப்பனுக்கு நோயக் கொண்டாந்துட்டான்னு. அதுலருந்து பிள்ள வீட்டுல தம்பியக்கூடத் தூக்க மாட்டேங்காளாம். தனித் தட்டு, தனிப் பாய். பள்ளிக்கூடம் வரவே பிடிக்கலங்கா, படிப்ப நிப்பாட்டிருதேன், டி.சி. குடுங்கன்னு அந்தம்மா அழுதா. ஹெச்செம் அம்மா அரைப் பரீட்ச வரைக்கும் பொறுங்கன்னு சொல்லி அனுப்புனா. அந்தச் சொந்தக்காரன் மட்டும் என் கையில கெடச்சான்னா குண்டத் தூக்கிக் கால்ல போட்டிருப்பேன்.

எனக்கு ராத்திரி தூக்கமில்ல அண்ணாச்சி. இவ டி.சி. வாங்கிட்டுப் போயிட்டா, எல்லாப் பிள்ளையும் ஒண்ணா உக்காந்ததாக் கணக்கு எங்கன தேறும்? ரூம் போயிருமேன்னுதான் கவலை. வேற என்ன?

மறுநாள் அவளையே வெரட்டுத ஆளாப் போட்டேன். வரிசையில ஒரு பயல எழுப்பி விட்டுட்டு நானே குத்தவச்சு உக்காந்தேன். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டுக் குத்தவைக்கதுன்னா சும்மாவா? முட்டி ரெண்டும் அலறுச்சு. தட்டுட்டின்னேன். எனக்குப் பின்னால வந்து நிக்கா. கை வரல. ஆட்டம் நின்னு போச்சு, பிள்ளையெல்லாம் பாக்குது. மெதுவாக் கேட்டா.

"சார், தொட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதே?"

நான் திரும்பிப் பாக்கல. திரும்புனா விழுந்துருவேன்.

"ஏட்டி மூதி, சொரிமுத்து சாரக் கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது யாரு? நாந்தான். ஆம்புலன்சு வரலன்னு என் பைக்குலதான் போனோம். மூச்சு விட முடியாம என் முதுகுலயே சாஞ்சுக்கிட்டு வந்தாரு. வழியெல்லாம் என் சட்டையப் பிடிச்சுக்கிட்டே வந்தாரு. எனக்கு என்ன ஆச்சு? குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேம்லா. அவருக்கு நோய் வந்ததுக்கு நான் என்னட்டி செய்வேன்? உங்க அப்பாவுக்கு வந்ததுக்கு நீ என்ன செய்வ? தொட்டதுனால ஒருத்தரும் சாகல. தட்டு."

பின்னாலருந்து மூக்க உறிஞ்சுத சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் வச்சா பாருங்க முதுகுல ஒண்ணு. எம்மாடி. சொரிமுத்து பிடிச்சிருந்த அதே எடம். 'கோ'ன்னு கத்துனா, ஆத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நான் எந்திரிச்சு ஓடணும்லா? எந்திரிக்க முடியல. முட்டி பிடிச்சுக்கிட்டு. கண்ணுல வேற கோடு போட்ட சுண்ணாம்பு பறந்து விழுந்துட்டு, தண்ணி தண்ணியாக் கொட்டுது. அதப் பாத்துட்டு அவளும் அழுதா, என்னமோ எல்லாப் பிள்ளையும் அழுதுச்சு. அன்னைக்குக் காத்து அப்பிடி, அத்தன பேரு கண்ணுலயும் சுண்ணாம்பு. சொரிமுத்து சாரு அப்பிடி, சொரிமுத்து சாரு இப்பிடின்னு ஒவ்வொண்ணும் சொல்ல ஆரம்பிச்சுட்டு. பி.டி. பீரியட்ல கணக்கு நடத்துதேன்னு வந்துட்டு அவரு எங்களத் தூங்க விட்டுட்டு ஜன்னல்ல நின்னு நீங்க தூங்குததப் பாத்துச் சிரிப்பாரு சார்னு ஒரு பய சொன்னான். பாடம் முடியலன்னு எங்கிட்ட வாங்குன பீரியடு அண்ணாச்சி. கொள்ளைக்காரன்னு சொன்னேம்லா?

சாப்பாட்டு பெல்லு அடிச்சுட்டு. ஒரு பிள்ளையும் எந்திரிக்கல. கோ-கோ வரிசையிலயே மண்ணுல உக்காந்து, தட்ட வாங்கியாந்து அங்கனயே தின்னுதுக, முட்டியோட முட்டி இடிச்சுக்கிட்டு. ஆவுடைச்செல்வி முட்டைய ஒருத்தி தூக்கிட்டா. உடனே ஆவுடைச்செல்வி அவ முதுகுல இன்னொண்ணு வச்சா. சிமெண்டுத் தளத்துல என் வட்டமெல்லாம் காலியாக் கெடக்கு, காக்கா நடந்து போவுது. அம்புட்டு அழகா போட்ட வட்டம்.

டி.சி. கேக்க அவ அம்மா பெறவு வரல. அந்தப் பிள்ள தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டுக் கடைக்குப் போறதப் போன வாரம்கூடப் பாத்தேன்.

நான் ஜெயிச்சுட்டேன்லா? நேரே போயி ரூமக் கேட்டேன். ஜன்னத் சொன்ன வாக்கு மாறல, அத ஒத்துக்கிடணும். அதுக்கும் அவ ஒப்பந்தம் முடிஞ்சு அவளச் சங்கரங்கோவில் பக்கம் மாத்திப் போட்டதுக்கும் சரியா இருந்துச்சு. கடைசி வியாழன் ரூமப் பூட்டுனா, சாவிய மறந்து பையில போட்டுட்டுப் போயிட்டா. போன் போட்டேன். கூரியர்ல அனுப்புதேன் சார்னா. கூரியர்க்காரன் தொலைச்சுட்டான்னா? வேண்டாம்மா, நானே நேர்ல வந்து வாங்கிக்கிடுதேன்னுட்டேன். அதான் போறேன்.

ரூமா? நல்லாத்தான் இருக்கு. குண்டையும் கம்பையும் திருப்பி உள்ள கொண்டாந்துட்டேன். மெத்தையில படுக்கதான் முடியல. வியாழக்கிழம ஆச்சுன்னா ஒண்ணொண்ணா வந்து உக்காந்துக்கிடுதுக. ஆவுடைச்செல்வி எவளையாவது கூட்டிக்கிட்டு வாரா, 'சார், இவளுக்கு மனசு சரியில்ல'ன்னு. எனக்கு என்ன தெரியும்? நான் ஒண்ணும் கேக்கதில்ல. விசிலக் கழத்தி மேசையில வச்சுட்டு, 'அப்புறம்?'னு கேப்பேன். அதுக பாட்டுக்குப் பேசும். போன வியாழன் அந்தப் புதுக் கணக்கு வாத்தியான்கூட வந்து வாசல்ல நின்னான். பீரியடு கேக்கத்தான் வந்திருக்கான்னு சந்தோசமா எந்திரிச்சேன். அவனுக்கு வீட்டுல ஏதோ மனவருத்தமாம். உக்காருடான்னேன்.

என்ன சிரிக்கிய? ஓ, ரூம் பூட்டிக் கெடந்தா எப்பிடித் தொறந்தேன்னு கேக்கிய. இந்தா, விசிலோட சேந்து கெடக்குல்லா, இது டூப்ளிகேட்டு. இருபது வருசமா எங்கிட்ட இருக்கு. ஆனா டூப்ளிகேட்டு டூப்ளிகேட்டுதான? ஒரிஜினல் சாவி கைக்கு வரணும்லா? அரசாங்கப் பொருளு, நாளைக்கு ஆடிட்டுல கேட்டா யாரு பதில் சொல்ல? நீங்க என்னமோ சிரிக்கிய.

பிளாஸ்க்கா? டீதான். அவ போடுத டீ வெளங்காதுன்னு நம்ம கடை டீயா வாங்கிட்டுப் போறேன். ரெண்டு பேருக்குக் காணும்.

ஊரு வந்துட்டு போல. கொஞ்சம் வழி விடுங்க, பையப் பாத்து. சாவி வாங்க எவ்வளவு நேரமாயிரப் போவுது, கைய நீட்டுனா குடுத்துருவா. ஆமா, இங்கருந்து திருநவேலிக்குக் கடைசி பஸ் எப்போ அண்ணாச்சி?